என்கார்னாவுக்காக வாய்மூடிய குப்பம்

செங்கல்பட்டு ஸ்டேஷனில் இறங்கியதும் நான் செய்த முதல் காரியம் இரண்டு மெதுவடை வாங்கித் தின்றது. வடை எங்கள் திருச்சி வடையைவிடப் பெரிது, சட்னி எங்கள் ஊர்ச் சட்னியைவிடத் தண்ணி. இதை விற்றவரிடமே சொன்னேன். அவர், "அப்போ வடைய துன்னுட்டு சட்னிய குடிச்சிக்கோம்மா" என்றார். வந்து இறங்கிய ஐந்தாவது நிமிஷமே இந்த வட்டாரம் எனக்குப் பிடித்துவிட்டது.

நான் வந்தது வாய் இரவல் கொடுக்க. நூரியா என்ற ஸ்பானியப் பெண், மாமல்லபுரத்தில் அலைச்சறுக்கு கற்றுக்கொடுக்கும் சதீஷைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள். கற்றுக்கொள்ள வந்தவள், இரண்டு வருஷமாக அங்கேயே தங்கி அவனுடைய பள்ளியின் கணக்குவழக்கைப் பார்த்துக்கொள்கிறாள். அவளுடைய அம்மா என்கார்னா, தெற்கு ஸ்பெயினில் காதிஸ் என்ற கடலோர ஊரிலிருந்து மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வந்திருக்கிறார். அம்மாவுக்குத் தெரிந்தது ஸ்பானியம் மட்டும்தான். மகளுக்குத் தமிழ் ஓரளவு வரும், ஆனால் அவளே நடுவில் நின்று பேசினால், "உனக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறாய்" என்று அம்மா சண்டைக்கு வருவார். கணவரின் வேலை காரணமாக செவில் நகரில் ஆறு வருஷம் குடித்தனம் நடத்திவிட்டு, இப்போது திருச்சியில் வீட்டிலிருந்தபடி கம்ப்யூட்டரில் ஸ்பானியம் சொல்லிக்கொடுக்கும் என்னை அப்படித்தான் தேடிப் பிடித்தார்கள்.

வெள்ளிக்கிழமை பதிவு அலுவலகத்தில் கையெழுத்து. அம்மா சரி என்றால் போடுவேன், இல்லை என்றால் இல்லை என்று நூரியா சொல்லியிருந்தாள். முப்பத்திரண்டு வயதுப் பெண், உலகம் சுற்றியவள், அம்மாவின் ஒரு தலையசைப்புக்காகக் காத்திருந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நான் வந்து இறங்கிய அன்று செவ்வாய்க்கிழமை.

என்கார்னா அன்று பதிவு அலுவலகத்தில் சில காகிதங்களைக் கொடுக்க வந்திருந்தார். நான் வராண்டாவில் ஏறும்போதே அவர் குரல் காதில் விழுந்துவிட்டது. அறுபத்தாறு வயது, குள்ளம், நல்ல அகலம், உதட்டில் ரத்தச் சிவப்புச் சாயம், கையில் மடக்கு விசிறி. வராண்டாவில் எள் போட இடமில்லை. ஒரு கல்யாணக் கோஷ்டி சாட்சிக்கு வரவேண்டிய சித்தப்பாவைப் போனில் திட்டிக்கொண்டிருந்தது. ஜெராக்ஸ் கடைக்காரர் வாசலிலிருந்து பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் மாலையை எவன் மறந்தது என்று தீர்ப்பு சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் வெட்கத்தோடு மன்னிப்புக் கேட்கப் போனேன். என்கார்னா என் கையைப் பிடித்துக்கொண்டு, கண் பளபளக்க, "என்ன ஒரு ஹலேயோ!" என்றார்.

ஹலேயோ என்பது சந்தோஷம் கலந்த சத்தம். இந்த விஷயத்தில் ஸ்பானியம் பணக்கார மொழி. பத்து வருஷமாக என் மாணவர்களுக்காக ஒரு சொற்பட்டியல் எழுதிவருகிறேன். அதில் சத்தம் போடுவது, கூத்தடிப்பது, மானத்தை வாங்குவது பற்றிய பக்கங்கள் மட்டும் எப்போதும் அரைகுறை. அன்று பெஞ்சில் காத்திருந்த இரண்டு மணி நேரத்தில் என்கார்னா அந்தப் பக்கங்களை நிரப்ப உட்கார்ந்தார். புய்யா என்றால் திருவிழாத் தெருவில் தோளோடு தோள் இடிக்கும் இரைச்சல். நம் சந்தடி அதற்குப் பொருந்தியது. அல்போரோத்தோ, பத்துப் பேர் ஒரே நேரத்தில் எழுந்து கத்துவது. களேபரம் என்று எழுதினேன். ஒருத்தர் கடையிலோ பஸ்ஸிலோ தனியாளாக ரகளை செய்தால் அவர்கள் அதைக் 'கோழி ஏற்றுவது' என்கிறார்கள். கோழி எங்கிருந்து வந்தது என்று அவருக்கும் தெரியவில்லை.

எஸ்காந்தலோதான் பாடாய்ப் படுத்தியது. சத்தமும் வேண்டும், அக்கம்பக்கம் எட்டிப்பார்க்கவும் வேண்டும், மறுநாள் தலைகுனிந்து நடக்கவும் வேண்டும். நாங்கள் அதை மானம் கப்பலேறுவது என்போம் என்றேன். கப்பல் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அமர்க்களம் என்றால் போர்க்களம், இப்போது கல்யாண வீட்டுக்குத்தான் அதிகம் சொல்கிறோம் என்றதும் விசிறியால் என் தொடையில் அடித்து, அதுதான் எங்கள் குடும்பம் என்றார். அவர்கள் குடியிருப்பு மாடிப்படியில் இந்த அத்தனை ரகமும் நடந்திருக்கிறதாம். பாதியை அவரே நடத்தினாராம்.

சம்பந்தியம்மாள், அதாவது சதீஷின் அம்மா தேசம்மாளைப் பற்றி நூரியா நிறையச் சொல்லி வைத்திருந்தாள். மீன் வியாபாரம், ஐம்பத்தைந்து வயது, கரையில் நின்று கூப்பிட்டால் கடலில் போகும் படகு திரும்பிப் பார்க்கும் குரல். ஆகவே தான் சந்திக்கப்போவது சம்பந்தியை அல்ல, தன் ஜோடியை என்று என்கார்னா நினைத்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் சதீஷின் மீனவக் குப்பத்துக்குப் புறப்படும்போது உதட்டுச் சாயத்தை இன்னொரு தடவை தீட்டிக்கொண்டார்.

அந்தக் குப்பம் நெம்மேலிக்குத் தெற்கே, ஈ.சி.ஆர். சாலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு நூறு வீடு. ஆட்டோ நின்றதும் எனக்குக் காது அடைத்துக்கொண்டதோ என்று தோன்றியது. அலைச் சத்தம் மட்டும் கேட்டது. தேசம்மாள் வாசலில் நின்றிருந்தார். நல்ல உயரம், மஞ்சள் பூசிய முகம். என்கார்னாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, உதடு பிரியாமல் சிரித்து, "வாங்க" என்றார். அந்த 'வாங்க' எனக்கே சரியாகக் கேட்கவில்லை. உள்ளே டிவியில் ஒரு மாமியார் கண்ணை உருட்டிக்கொண்டிருந்தாள், சத்தம் மட்டும் இல்லை. நாலு பெண்கள் தரையில் உட்கார்ந்து வாயசைவை வைத்தே கதையைத் தொடர்ந்துகொண்டிருந்தார்கள். பிள்ளைகள் நுனிக்காலில் நடந்தன. காப்பி வந்தது, முறுக்கு வந்தது. முறுக்கைக் கடிக்க எல்லோருமே கூச்சப்பட்டார்கள்.

சதீஷ் மட்டும் ஓரமாக நின்று திருப்தியோடு பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல பையன், முப்பது வயது, உப்புத் தண்ணீரில் வெளுத்த தலைமுடி. "மம்மிக்கு ஓக்கேவா டீச்சர்?" என்று என் காதில் கேட்டான். மம்மி என்னிடம் இந்த வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை காலை கரைக்குப் போனோம். படகுகள் வந்து மணலில் ஏறியிருந்தன. சங்கரா, கெளங்கா, கூடை நிறையக் காணாங்கெளுத்தி. மீன் ஏலம் என்றால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். திருச்சியில் வாழைக்காய் ஏலத்துக்கே காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். இங்கே தேசம்மாள் கூடைக்கு முன்னால் நின்று விரலைக் காட்டுகிறார், எதிரே நிற்கிற பெண் புருவத்தைத் தூக்குகிறாள், இன்னொருத்தி தலையை ஆட்டுகிறாள், கூடை கை மாறுகிறது. ஒரு சொல் கிடையாது. காக்கைகள் மட்டும் எப்போதும்போல் கத்தின.

என்கார்னா விசிறியை மடக்கினார். காதிஸ் மீன் சந்தையில் ஒரு விற்பனைக்காரியின் குரல் சந்து முனைவரை கேட்கும், யாராவது செத்தால்தான் அது நிற்கும், யார் செத்தது என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். தேசம்மாள் பதறிப்போய், கையை ஆட்டி, அதெல்லாம் ஒன்றுமில்லை என்று கிசுகிசுத்தார். மறுபடியும் அந்த உதடு பிரியாத சிரிப்பு.

அன்று மத்தியானம் மாமல்லபுரத்தில் என்கார்னா கோயில்களை விறுவிறுவென்று பார்த்து முடித்தார். பிறகு ஒரு சிற்பக் கூடத்தின் வாசலில் ஸ்டூல் கேட்டு வாங்கி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். உள்ளே மெஷின் கல்லை அறுத்தது, பத்து உளிகள் கொத்தின. தலையெல்லாம் வெள்ளைத் தூள். நான் ஒரு கடைக்குள் ஒதுங்கி இளநீர் குடித்தேன். அவரோ, இங்கேயாவது மனிதர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்றார்.

சாயங்காலம் விடுதி அறையில் அவர் மகளிடம் நேராகக் கேட்டார். அந்த வீடு எப்போதும் இப்படித்தானா? நூரியாவுக்குப் பொய் வராது. இல்லை, இப்படி நான் பார்த்ததே இல்லை, வழக்கமாகக் கூரை பறக்கும் என்றாள். அப்படியானால் நான் வந்ததால்தான் இப்படி என்றார் என்கார்னா. போய்ப் படுத்துக்கொண்டார். நூரியா என் தோளில் சாய்ந்து அழுதாள். எனக்கும் அந்தக் குப்பத்தின் மேல் கோபம் வந்தது. பிடிக்கவில்லை என்றால் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே, இப்படி மூன்று மனிதர்களை வதைக்க வேண்டுமா என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை விடிந்ததும் சதீஷ் எங்களை வேடந்தாங்கலுக்கு அனுப்பினான். அவனுக்கு வகுப்பு இருந்தது, அதனால் அவனுடைய சித்தப்பா மகன் எழில் காரை எடுத்தான். அமைதியான இடம், மம்மிக்குப் பிடிக்கும் என்று வழியனுப்பும்போது சதீஷ் சொன்னான்.

பறவைகளுக்கு மட்டும் யாரும் அதைச் சொல்லவில்லை. ஏரிக்கரையில் அமைதி காக்கவும் என்று பெரிய பலகை. அதற்கு எதிரே ஆயிரக்கணக்கில் நாரைகளும் நீர்க்காகங்களும் கூழைக்கடாக்களும் ஒரே மரத்துக்காகச் சண்டை. ஒன்று கட்டிய கூட்டுக் குச்சியை இன்னொன்று உருவுகிறது, உருவினதை மூன்றாவது பிடுங்குகிறது, குஞ்சுகள் பசியில் வீறிடுகின்றன. கரையில் நின்ற மனிதர்கள் பலகைக்குப் பயந்து ஜாடை பேசிக்கொண்டிருந்தார்கள். என்கார்னா இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரித்தார். அந்த மரத்தை விசிறியால் காட்டி, அதோ என் மாடிப்படி, என் புருஷன், என் நாத்தனார், மேல்மாடிக்காரி என்று ஒவ்வொரு பறவைக்கும் பெயர் வைத்தார். ஒரு பெரிய நாரை தப்பட்டை அடிக்கிற மாதிரி அலகைத் தட்டியது. அதுதான் அவர் புருஷனாம். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசி என்றார்.

திரும்பும் வழியில் பாலாற்றைத் தாண்டியதும் காரின் ஹாரன் சிக்கிக்கொண்டது. பாம் என்று ஆரம்பித்தது நிற்கவே இல்லை. எதிரே வந்த லாரிக்காரர் ஒதுங்கி நின்று திட்டினார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாள் கல்லை எடுத்தார். எழில் வண்டியை ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து, வயரைப் பிடுங்கி எறிந்தான். ஹாரன் இல்லாமல் நம் சாலையில் வண்டி ஓட்டுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுகிற மாதிரி. ஒவ்வொரு திருப்பத்திலும் அவன் ஜன்னலில் தலையை நீட்டிக் கையால் கதவைத் தட்டினான். திருக்கழுக்குன்றத்தில் மெக்கானிக் கடை இருக்கிறதே, சரிபண்ணிவிடலாமே என்றேன்.

"வேணாம் டீச்சர். சரிபண்ணா மறுபடி மாட்டிக்கும். இந்த ஹாரனோட வூருக்குள்ள போனேன்னா தலைவரு என்னய வுட மாட்டாரு" என்றான். பின்சீட்டில் அம்மாவும் மகளும் தூங்கிவிட்டதைத் திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டு மீதியைச் சொன்னான்.

விஷயம் இதுதான். சதீஷின் பள்ளிக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்கள் பெரிய ரிசார்ட்டுகளில் தங்குகிறவர்கள். காலை நாலரைக்குக் கோயில் ஸ்பீக்கர், ஏலக் கூச்சல், ஜெனரேட்டர் என்று எப்போதும் அவனிடம் புகார். வெளிநாட்டுக்காரர் என்றால் சத்தம் ஆகாது என்று அவன் மனதில் பதிந்துவிட்டது. மாமியார் வருகிறார் என்றதும் ஊர்ப் பஞ்சாயத்தில் போய் நின்று கேட்டிருக்கிறான். தலைவரும் ஊராரைக் கூட்டிப் பேசி, நம் பையன் வாழ்க்கை, நாலு நாள் பொறுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருக்கிறார். ஸ்பீக்கருக்கு வேட்டி கட்டியாயிற்று. மிக்ஸி பகல் பத்து மணிக்கு மேல். சண்டை போடுகிறவர்கள் சாலைக்கு அந்தப் பக்கம் போய்ப் போட்டுக்கொள்ள வேண்டும். "எங்க பெரியம்மாதான் பாவம். மூணு நாளா தொண்டைய புடிச்சிகினு கீது. நூரியாவாண்ட கூட சொல்லாத, கல்யாணம் முடிஞ்சி சொல்லிக்கலாம்னு சதீசு சொல்லிகீறான்" என்றான் எழில்.

ஒரு முழுக் குப்பம், ஒரு ஸ்பானிய அம்மாளுக்காக, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போதே பின்னால் திரும்பி என்கார்னாவை எழுப்பிச் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வேண்டியவன் சதீஷ்தான், சாப்பாட்டுக்கு முன் அவனைத் தனியாகப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்துச் சும்மா இருந்தேன். அது என் தப்பு.

போய்ச் சேர்ந்தபோது இரண்டு மணி, இலை போட்டாயிற்று. வஞ்சிர வறுவல், இறால் தொக்கு, நண்டு ரசம். தேசம்மாள் பரிமாறினார், எல்லோரும் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். நான் சதீஷுக்கு ஜாடை காட்டினேன், அவன் ரசம் வேண்டுமா என்று ஜாடையில் கேட்டான். அதற்குள் என்கார்னா கையை இலையை விட்டு எடுத்துவிட்டார். நான் சொல்லப்போவதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொல் என்று என்னைப் பார்த்தார்.

அவர் சொன்னதை அப்படியே தமிழில் சொன்னேன். சாப்பாடு அருமை, நன்றி. என் புருஷன் சத்தக்காரன். அவன் இறந்து நாலு வருஷம் ஆகிறது, மகளும் இங்கே வந்துவிட்டாள். என் வீட்டில் இப்போது ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம்கூட எனக்குக் கேட்கிறது. சத்தமில்லாத வீடு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், அப்படி ஒரு வீட்டில் என் மகளை விட மாட்டேன். நீங்கள் மரியாதையானவர்கள், வேண்டாம் என்று சொல்ல மனமில்லாமல் பேசாமல் இருக்கிறீர்கள். எனக்குப் புரிகிறது. நாளைக்குக் கையெழுத்து இல்லை. இவளை நான் கூட்டிக்கொண்டு போகிறேன்.

சதீஷின் முகத்தில் ரத்தமில்லை. நூரியா அவனைப் பார்க்கவில்லை, இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேசம்மாள் ரசக் கரண்டியைக் கீழே வைத்தார். மகனை ஒரு பார்வை பார்த்தார்.

"டேய் சதீசு" என்றார். கூரை ஓட்டில் இருந்த புறாக்கள் பறந்தன. "இன்னாடா சொன்ன நீ? சத்தம் ஆவாதுன்னியே. மூணு நாளா வாய கட்டிகினு, ஏலத்த கண்ணால வுட்டுகினு கீறேன்டா நானு. ஊமச்சின்னு நெனச்சிகினு கீறாங்கடா என்ன." பிறகு என் பக்கம் திரும்பினார். "டீச்சரம்மா, நீ சொல்லு இவங்களாண்ட. வேணாம்னா மூஞ்சிக்கு நேரா வேணாம்னு சொல்ற ஆளு நானு. இந்தப் பொண்ணு கெளங்கா மீன ஆயறத பாத்துகிறீங்களா? நாலு மீன ஆயறதுக்குள்ள பொழுது சாஞ்சிடும். திட்டுவேன். திட்டினாலும் மறுநாளு வந்து என் பக்கத்துல குந்திக்கும். வூட்டுக்கு ஒரு பொண்ணு இல்லியேன்னு இருந்தவ நானு. இத்த இட்டுகினு போறேன்னு என் வூட்லயே குந்திகினு சொல்றாங்களா?"

அதற்குப் பிறகு வந்ததை நான் எழுத முடியாது. பாதி சதீஷுக்கு, கால் பங்கு பஞ்சாயத்துத் தலைவருக்கு, மீதி ரிசார்ட்டுகளுக்கு. நான் மூச்சுத் திணற மொழிபெயர்க்க ஆரம்பித்தேன். சதீஷ் செய்த காரியத்தைச் சொல்லி முடித்ததும் என்கார்னா கையைக் காட்டி என்னை நிறுத்தினார். எழுந்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு மாப்பிள்ளையை ஸ்பானியத்தில் பிடித்தார். மூன்று நாளாக என் ஆயுசை எடுத்தாயே, மீன் சந்தைக்குப் பக்கத்தில் பிறந்தவளுக்கா அமைதி வேண்டும் என்று ஆரம்பித்தது எங்கெங்கோ போனது. இவர் ஒரு பக்கம், தேசம்மாள் ஒரு பக்கம், நடுவில் சதீஷ். நூரியாவும் சேர்ந்துகொண்டு, என்னிடம்கூட ஏன் சொல்லவில்லை என்று அவனைத் தமிழில் போட்டுத் தாளித்தாள். அந்தத் தமிழ் தேசம்மாளிடம் படித்த தமிழ் என்று கேட்ட உடனே தெரிந்தது.

தேசம்மாளின் குரல் தெருவுக்குக் கேட்டிருக்கிறது. தடை நீங்கிவிட்டது என்று குப்பம் நினைத்துவிட்டது. முதலில் பக்கத்து வீட்டு டிவி மாமியார் பேச ஆரம்பித்தாள். ஒரு மிக்ஸி ஓடியது. பிள்ளைகள் ஓவென்று கத்திக்கொண்டு தெருவில் ஓடின. சாலைக்கு அந்தப் பக்கம் மூன்று நாளாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள் வீடு திரும்பி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். யாரோ ஸ்பீக்கரின் வேட்டியை அவிழ்த்தார்கள், அம்மன் பாட்டு அலறியது. என்கார்னா வாசலில் நின்று கேட்டார். பிறகு வந்து உட்கார்ந்து, அழுதுகொண்டே இன்னொரு துண்டு வஞ்சிரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நானும் அழுதேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை கையெழுத்து நடந்தது. அம்மா தலையசைக்கும்வரை நூரியா பேனாவைத் தொடவில்லை. குப்பத்திலிருந்து இரண்டு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள், அமைதியாக இருக்கச் சொல்லி அலுவலக ஊழியர் மூன்று தடவை வெளியே வந்தார். செவ்வாய்க்கிழமை பார்த்த கல்யாணக் கோஷ்டியெல்லாம் எங்களுக்கு முன்னால் நிற்கவே முடியாது.

எல்லாம் முடிந்து எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை என்கார்னாவுக்கு விமானம். அவர் கண்ணாடித் தம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே தேசம்மாளிடம் ஒன்று கேட்க வேண்டும் என்றார். இங்கே சாயங்காலம் ஆறரை என்றால் அங்கே மத்தியானம் இரண்டு மணி, அவர் சாப்பிட உட்காரும் நேரம். வாரத்தில் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை, அந்த நேரத்தில் அவர் போன் போடுவார். எடுத்துச் சமையலறையில் எங்காவது வைத்துவிட்டால் போதும். யாரும் அவரோடு பேச வேண்டாம். அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டு எப்போதும்போல் இருந்தால் போதும். சாப்பிட்டு முடித்ததும் அவரே போனை வைத்துவிடுவார்.

நான் மெதுவாகத் தமிழில் சொன்னேன்.

"வாரத்துக்கு ஒரு நாளு இன்னாத்துக்கு? தெனமுந்தான சோறு துன்றாங்க. தெனமும் போடச் சொல்லு" என்றார் தேசம்மாள்.

அதை ஸ்பானியத்தில் சொன்னேன். என்கார்னா கண்ணைத் துடைக்காமலே போனை எடுத்து நம்பரை அழுத்தத் தயாராக நீட்டிப் பிடித்தார். தேசம்மாள் அவர் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, அவருக்குத் தமிழ் தெரியாது என்பதையும் மறந்து, தன் நம்பரை ஒவ்வொரு எண்ணாக, டீக்கடையே திரும்பிப் பார்க்கும்படி, கத்திச் சொன்னார்.